ஹாஃப் டைமில் எழுந்து வராதே

வியாசர்பாடி
5.1.2024

அன்புள்ள மருமகன் கார்த்திக்கு,

மாமா எழுதுவது. உன் அம்மாவுக்கு இந்தப் பனியில் மூட்டுவலி கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆனாலும் பொங்கலுக்குப் பரணில் கிடந்த பாத்திரங்களை இறக்கிவிட்டாள். 13ஆம் தேதி, போகிக்கு முதல் நாள், ஆசியக் கோப்பைக் கால்பந்தில் இந்தியா ஆஸ்திரேலியா ஆட்டத்துக்கு நீ டிக்கெட் எடுத்திருக்கிறாயாமே. அவள்தான் சொன்னாள். "எப்படியும் தோத்துடுவாங்க, ஒரு மணி நேரம் பாத்துட்டு ரூமுக்கு வந்துடுவேன்னு சொல்றாண்ணா" என்றாள். அந்தப் பேச்சு மனசில் முள்ளாகத் தைத்ததால் எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுவாய்.

2011 ஜனவரியில் நானும் இப்போது நீ இருக்கும் அதே தோஹாவில்தான் இருந்தேன். ஏ.சி. மெக்கானிக் வேலை, ஒரு அறைக்கு எட்டுப் பேர். இந்தியா 27 வருஷம் கழித்து ஆசியக் கோப்பைக்கு வந்திருந்தது. 10ஆம் தேதி ஆஸ்திரேலியாவிடம் 4-0 என்று அடி. அடுத்து 14ஆம் தேதி பஹ்ரைனோடு. வெள்ளிக்கிழமை, லீவு நாள். ஊரில் அன்றைக்குப் போகி. அறையில் இருந்த மலையாளிப் பையன்கள் நாலு பேரோடு கிளம்பிப் போனேன். எட்டாவது நிமிடத்தில் பெனால்டியில் ஒரு கோல் வாங்கினோம். அடுத்த நிமிடமே கௌரமாங்கி சிங் திருப்பிக் கொடுத்தார். முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அதற்கப்புறம் பஹ்ரைனின் இஸ்மாயில் அப்துல் லத்தீஃப் என்ற ஒரே ஆள் வரிசையாக மூன்று போட்டார். ஹாஃப் டைமில் 4-1.

நான் எழுந்துவிட்டேன். "சேட்டா, இரிக்கு" என்று பையன்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். காலையில் டூட்டி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். உண்மையில் டூட்டி ஒன்றும் இல்லை, பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். வெளியே குளிர் காற்றில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது ஸ்டேடியத்துக்குள் இருந்து ஒரு சத்தம் எழுந்தது. நம் ஆட்களின் சத்தம். காதில் விழுந்ததுமே தெரிந்துவிட்டது. 52ஆம் நிமிடம், சுனில் சேத்ரி. திரும்பி ஓடலாம் என்று கால் துடித்தது, கேட்டில் விடமாட்டார்களே. முடிவில் 5-2 தோல்விதான். ஆனால் ராத்திரி அறைக்கு வந்த பையன்கள் அந்தத் தோல்வியைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த ஒரு கோலைக் கட்டில் மேல் நின்று ஆளாளுக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். 13 வருஷமாகிறது. இன்றும் யாராவது சேத்ரி பெயரைச் சொன்னால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த பஸ் ஸ்டாப்தான்.

அன்றைக்கு அவருக்கு 26 வயது, இன்றைக்கு 39. இந்தியாவுக்காக 93 கோல். இதுவே அவருக்குக் கடைசி ஆசியக் கோப்பையாக இருக்கும். 2018இல் மும்பையில் சீன தைபே அணியை நாம் 5-0 என்று ஜெயித்தோம், அதில் அவர் ஹாட்ரிக்கும் போட்டார். பார்க்க வந்திருந்தவர்கள் வெறும் 2,569 பேர். மறுநாள் ஒரு வீடியோ போட்டார், ஞாபகம் இருக்கிறதா? திட்டுங்கள், குறை சொல்லுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து செய்யுங்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொண்டார். அடுத்த ஆட்டம் அவருக்கு நூறாவது. ஸ்டேடியம் நிறைந்தது. ஒரு நாட்டின் கேப்டன் ரசிகனிடம் வந்து இப்படிக் கேட்க வேண்டியிருந்ததே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. நீ டிக்கெட் எடுத்ததும் நான் சந்தோஷப்பட்டதற்குக் காரணம் அதுதான்.

தோற்றுவிடுவார்கள் என்று நீ சொல்வதை நான் மறுக்கவில்லை. தரவரிசையில் ஆஸ்திரேலியா 25, நாம் 102. பொய்யான நம்பிக்கை வைத்துக்கொண்டு போனால் முதல் கோலிலேயே உடைந்துபோவாய். அதனால் நிலவரத்தைத் தெரிந்துகொண்டு போ. போன ஜூலையில் நாம் 99வது இடத்துக்கு வந்தோம். லெபனானை ஜெயித்து இன்டர்கான்டினென்டல் கோப்பை, குவைத்தை பெனால்டியில் ஜெயித்து சாஃப் கோப்பை. நவம்பரில் குவைத்துக்கே போய் 1-0 என்று ஜெயித்தோம். சாங்தே இடது பக்கத்தில் இருந்து போட்ட கிராஸை மன்வீர் சிங் வலைக்குள் அனுப்பினார். அந்த கோலைத் தேடிப் பார், அழகு. ஐந்தே நாளில் புவனேஸ்வரத்தில் கத்தார் நம்மை 3-0 என்று உட்கார வைத்தது. இதுதான் நம்முடைய அளவு. இப்போது அன்வர் அலி, ஜீக்சன் சிங், ஆஷிக் மூன்று பேருமே காயத்தில் வெளியே. அன்வர் இல்லாதது பெரிய ஓட்டை. பின்னாலிருந்து நிதானமாகப் பந்தை வெளியே எடுத்து வரத் தெரிந்த பேக் அவர். கோச் ஸ்டிமாச் நீண்ட முகாம் கேட்டார். லீக் ஆட்டங்களை முடித்துக்கொண்டு பையன்கள் அங்கே வந்து இறங்கியதே டிசம்பர் 30. கையில் இரண்டு வாரம். இரண்டு வாரத்தில் என்ன செட் பண்ண முடியும்?

கோல் ஏன் வருவதில்லை என்று நீ போன தடவை கேட்டாய். நம் லீக்கைப் பார், புரியும். பெரும்பாலான கிளப்பில் நடுவில் நிற்கும் ஸ்ட்ரைக்கர் வெளிநாட்டுக்காரர். மன்வீர்கூட கிளப்புக்கு விங்கில்தான் ஆடுகிறார். வருஷம் பூராவும் ஓரத்தில் ஓடியவனை நாட்டுக்காக நடுவில் நிறுத்தி கோல் போடு என்றால் அவன் எங்கே போவான்? அதனால்தான் 39 வயதிலும் சேத்ரியையே நம்பி நிற்கிறோம். கோபப்பட வேண்டுமானால் இதற்குக் கோபப்படு. களத்தில் மூச்சு வாங்க ஓடுகிறவனைத் திட்டாதே. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பும் கேலிப் படங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பொழுது விடிவதற்குள் நம் கிரவுண்டுக்கு வந்து, மழைத்தண்ணி வற்றாத சேற்றில் வெறுங்காலோடு ஓடியவன் நீ. 90 நிமிடம் ஓடுவது என்னவென்று உனக்குத் தெரியாதா?

இன்னொன்று. அணியில் ஒரு தமிழ்ப் பையனும் இல்லை என்று நீ விலகி நிற்கிறாய் போலிருக்கிறது. எனக்கும் வருத்தம்தான். டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக கோல் போட்டு ஈஸ்ட் பெங்காலை ஜெயிக்க வைத்த நம் சென்னைப் பையன் நந்தகுமாருக்கு இந்த 26 பேரில் இடம் கொடுத்திருக்கலாம் என்று மனசு சொல்கிறது. ஆனால் 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக இந்தியாவின் கோலைப் போட்டவர் நம் சைமன் சுந்தரராஜ். இன்றுவரை ஒலிம்பிக்கில் இந்தியா போட்ட கடைசி கோல் அதுதான். அன்றைக்கு அவருக்காகக் கை தட்டிய வங்காளியும் ஹைதராபாத்காரனும் அவர் எந்த ஊர் என்று கேட்டிருப்பார்களா?

ஆட்டத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். உலகக் கோப்பையில் அர்ஜென்டினா ஆஸ்திரேலியா ஆட்டத்தை நீ 13ஆம் தேதி ஆட்டம் நடக்கும் இதே அகமது பின் அலி ஸ்டேடியத்தில் பார்த்தாய். மெஸ்ஸியின் கால் பந்தைத் தொடும்போதெல்லாம் எழுந்து நின்றேன் என்றாய். இந்த முறை அந்தக் கண்ணை மாற்றிக்கொள். நம்மிடம் பந்து அதிகம் இருக்காது. பந்து இல்லாதபோது நம் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார். நாலு பேக்குக்கும் முன்னால் இருக்கும் நாலு பேருக்கும் நடுவில் இடைவெளி எவ்வளவு என்று மேலிருந்து உனக்கு நன்றாகத் தெரியும். அது அகலமாகும் நிமிடத்தில் ஆபத்து வருகிறது. ஆஸ்திரேலியாவுக்கு ஹாரி சவுட்டர் என்று ஒரு பேக் இருக்கிறார், ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரம். கார்னர் என்றால் முன்னே வந்து நிற்பார். அவர் பக்கத்தில் நம் பேக் ஜிங்கன் எப்படி இடம் பிடிக்கிறார் என்று பார். பந்து கிடைத்த உடனே சாங்தே எவ்வளவு வேகமாக ஓடுகிறார், அவருக்குப் பந்தைக் கொடுக்க யாருக்கு நிதானம் இருக்கிறது, அதையும் பார். ஒரு ஆட்டத்தில் இரண்டு மூன்று முறைதான் அப்படி வாய்க்கும்.

அந்த அர்ஜென்டினா ஆட்டத்திலேயே கடைசி நொடியில் அர்ஜென்டினா கோலி மார்ட்டினஸ் ஆஸ்திரேலியாவின் ஷாட்டைத் தடுக்காமல் இருந்தால் 2-2 ஆகியிருக்கும். நீயும் அதுவரை உட்காரவில்லையே. 2019 ஆசியக் கோப்பையில், அபுதாபியில் தாய்லாந்தை 4-1 என்று அடித்த நம் அணி, பஹ்ரைனோடு டிரா செய்தால் போதும் என்ற நிலையில் 91ஆம் நிமிட பெனால்டியில் வெளியே போனது. அதே வருஷம் செப்டம்பரில் உன் தோஹாவில், ஆசிய சாம்பியன் கத்தாரை, சேத்ரி இல்லாமலேயே 0-0 என்று நிறுத்திவிட்டு வந்தார்கள். குர்பிரீத் ஒற்றை ஆளாக வலையைக் காத்தார். முன்னாலேயே எழுந்து போனவனுக்கு இதில் எதுவும் கிடைத்திருக்காது.

ஆஸ்திரேலியாவுக்கு அப்புறம் 18ஆம் தேதி உஸ்பெகிஸ்தான், 23ஆம் தேதி சிரியா. குரூப்பில் மூன்றாம் இடம் வந்தாலும் நாலு அணிகளுக்கு அடுத்த சுற்றுக்கு வழி உண்டு என்பதால் சிரியா ஆட்டம்தான் நமக்கு முக்கியம். அது அல் கோர் பக்கம் அல் பைத் ஸ்டேடியத்தில், மெட்ரோ கிடையாது, செவ்வாய்க்கிழமை வேறு. இப்போதே சூப்பர்வைசரிடம் சொல்லி ஷிஃப்ட் மாற்றி வை.

13ஆம் தேதி அங்கே மதியம் இரண்டரை, இங்கே ஐந்து மணி. உன் அம்மாவும் டிவி முன்னால் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறாள். அல் ரிஃபா ஸ்டேஷனில் இறங்கு, கூட்டம் சேரும் முன்பே உள்ளே போய்விடு. கடைசி விசில் அடித்த பிறகு எனக்குப் போன் பண்ணு. ஸ்கோர் எனக்குத் தெரிந்திருக்கும். முதல் கார்னர் வந்தபோது சவுட்டரை யார் பிடித்துக்கொண்டு நின்றார்கள், பந்தை யார் தலையால் வெளியே தள்ளினார்கள் என்று சொல். டிவியில் அதைச் சரியாகக் காட்டமாட்டார்கள்.

அன்புடன்,
மாமா