வலிக்குச் சாட்சி

ஒற்றைத் தலைவலி உடம்பில் தழும்பு எதையும் விட்டுச் செல்வதில்லை. காலை இழந்து திரும்பிய படைவீரனைக் கண்ட மாத்திரத்தில் அவன் பட்ட துன்பத்தை உலகம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் மாதத்தில் இரண்டு நாள் சன்னல்களையெல்லாம் அடைத்து, ஈரத் துணியால் கண்களை மூடி, கரண்டி விழும் ஓசையையும் பொறுக்கமாட்டாமல் இருட்டறையில் கிடந்தவன், மூன்றாம் நாள் தலைவாரிச் சட்டை மாற்றி வெளியே வரும்போது, அவனுக்கு நோய் உண்டென்று நம்புவதற்கே ஆள் கிடைப்பதில்லை. அமெரிக்கத் தரைப்படையில் ஆறு ஆண்டுகள் லாரி ஓட்டிப் பின்னர் 2011-இல் சேவையிலிருந்து விடுவிக்கப்பட்ட நான், என் தலைவலி அச்சேவையில் வந்ததே என்று அந்நாட்டு முன்னாள் படைவீரர் விவகாரத் துறையின் முன் நிரூபிக்க ஓராண்டுக்கு மேல் பாடுபட்டேன். அப்பாட்டில் கற்றவற்றை, அதே வழியில் நடக்க வேண்டியவர்களுக்குப் பிரயோஜனப்படும் என்று எழுதுகிறேன்.

சட்டம் கேட்பவை மூன்று. இன்று நோய் இருக்கிறது என்னும் வைத்தியரின் நிர்ணயம் ஒன்று. சேவைக் காலத்தில் அந்நோய் தொடங்கியது, அல்லது அதற்கு வித்தான சம்பவம் நேர்ந்தது என்பதற்கு ஆதாரம் மற்றொன்று. இவ்விரண்டையும் பிணைக்கும் மருத்துவ அபிப்பிராயம் மூன்றாவது. 2020-இல் நான் இழப்பீடு கேட்டு முதன்முதலாக விண்ணப்பித்தபோது முதலாவதை மட்டும் வைத்துவிட்டு, ஏனைய இரண்டும் சொல்லாமலே விளங்கும் என்று இருந்துவிட்டேன். விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அம்மறுப்பில் நான் குற்றம் காணவில்லை. என் காகிதங்களில் இல்லாத ஒன்றை அவற்றைப் படிப்பவர் எங்ஙனம் காண்பார்?

நடந்தது இது. 2007-இல் ஈராக்கில், வரிசையாகச் சென்றுகொண்டிருந்த எங்கள் லாரிகளுள் எனக்கு முன் சென்றதன் அருகே சாலையோரக் குண்டு வெடித்தது. நான் வண்டியை நிறுத்திய வேகத்தில் என் தலை கதவில் மோதியது. இரத்தம் வரவில்லை. படைப்பிரிவின் மருத்துவ உதவியாளர் பார்த்து, ஐபுப்ரோஃபென் மாத்திரையும், நிறையத் தண்ணீர் குடிக்கும்படி ஓர் அறிவுரையும் தந்தார். சில வாரங்களில் தலைவலி தொடங்கிற்று. ஆயினும், தலைவலிக்காக மருத்துவக் கூடத்தில் போய் நிற்பவனைச் சோம்பேறி என்று கருதும் சூழலில் இருந்த நான் அதன்பின் அங்கே போகவேயில்லை. அந்த மௌனந்தான் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு எனக்கு எதிர்ச் சாட்சியாக வந்து நின்றது.

மறுப்புக்குப் பிறகுதான் என் சேவைக் கால மருத்துவப் பதிவு முழுவதையும் எழுதிக் கேட்டு வாங்கி, ஒவ்வோர் ஏடாகப் படித்தேன். குண்டு வெடித்த நாளன்று தலையில் அடிபட்டதைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. அவ்வொரு வரி எனக்குப் புதையலாயிற்று. மாதந்தோறும் நான் வண்டியின் நிழலில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்ததை அறிந்த என் சகவீரர் ஒருவர், தாம் கண்டதைக் கண்டவாறே 21-10210 என்ற எண்ணுள்ள சாட்சிப் படிவத்தில் எழுதி அனுப்பினார். அக்காலத்து மருத்துவக் குறிப்பு இல்லை என்பது ஒன்றையே கொண்டு இத்தகைய சாட்சியத்தைத் தள்ளிவிடலாகாது என்று புக்கானன் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. சாட்சி சொல்பவர் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. அது வைத்தியரின் வேலை. வெளிச்சத்துக்கு அஞ்சினான், வாந்தி எடுத்தான், அன்று வண்டி ஓட்டவில்லை என்று தாம் பார்த்ததைச் சொன்னால் போதும்.

மூன்றாவது ஆதாரமான வைத்தியரின் அபிப்பிராயத்தில்தான் பலர் இடறி விழுகிறார்கள். சேவையால் வந்திருக்கக்கூடும் என்று மங்கலாக எழுதித் தரும் கடிதத்துக்கு மதிப்பில்லை. வந்திருப்பதற்கும் வராதிருப்பதற்கும் சமமான சாத்தியமாவது உண்டு என்று அவர் திட்டமாகச் சொல்ல வேண்டும். தராசின் இரு தட்டும் சமனாக நின்றால் வீரன் பக்கம் தீர்ப்பளிக்க வேண்டுமென்பது அந்நாட்டுச் சட்டம். அங்ஙனம் சொல்வதற்குரிய காரணத்தையும் அவர் விளக்க வேண்டும். என் நரம்பியல் வைத்தியரிடம் நான் சேவைப் பதிவையும் சகவீரரின் சாட்சியத்தையும் கொண்டு கொடுத்த பிறகே, அடிபட்ட நாள் தொடங்கி இன்றுவரை நோயின் போக்கை வரிசைப்படுத்தி அவர் எழுதினார்.

இனி நான் மிகவும் வருந்திக் கற்ற பாடத்தைச் சொல்கிறேன். முதல் விண்ணப்பத்தின்போது என்னைப் பரிசோதித்தவர், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். படையில் ஊறிய பழக்கத்தால், பரவாயில்லை, சமாளித்துக்கொள்கிறேன் என்றேன். அதுவே ஏட்டில் ஏறிற்று. வீடு திரும்பும்போது காரில் என் மனைவி வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “முந்தாநாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தீர்களே, அதை ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டாள். எனக்குப் பதில் இல்லை. வலியை மறைப்பது போர்க்களத்தில் வீரமாயிருக்கலாம். பரிசோதனை அறையில் அது உண்மையை மறைப்பதேயாகும். மிகைப்படுத்த வேண்டியதில்லை, நோய் உச்சத்தில் இருக்கும் நாள் எவ்வாறு கழிகிறது என்பதை உள்ளபடி உரைத்தால் போதும்.

ஏனெனில் இழப்பீட்டுக்கு அடிப்படையான ஊன வீத நிர்ணயம் முழுவதும் அந்த நாளைப் பற்றியே நிற்கிறது. அத்துறையின் தர அட்டவணையில் 8100 என்ற எண்ணின் கீழ், ஆளைப் படுக்கையில் வீழ்த்திவிடும் தாக்குதல் சராசரியாக இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்தால் 10 சதவீதம். மாதத்துக்கு ஒரு முறையானால் 30. அடிக்கடி வந்து, நெடுநேரம் நீடித்து, பிழைப்பையே கடுமையாகக் குலைப்பதானால் 50. அதற்கு மேல் இல்லை. பிழைப்பைக் குலைப்பது என்பதற்கு வேலையை அடியோடு இழந்திருக்க வேண்டுமென்று பொருளல்ல என்று 2004-இல் பியர்ஸ் வழக்கில் தெளிவாக்கப்பட்டது. ஆகவே, வலி தொடங்கிய மணி, தணிந்த மணி, உட்கொண்ட மருந்து, அன்று செய்ய முடியாமற் போன வேலை ஆகியவற்றை ஒரு சாதாரண நாட்குறிப்பில் எழுதி வந்தேன். அலுவலகத்தின் விடுப்புப் பதிவையும், என் மனைவியின் சாட்சியத்தையும் அதனோடு சேர்த்தேன்.

மறுப்பு வந்த ஓராண்டுக்குள் இப்புதிய ஆதாரங்களுடன் துணை விண்ணப்பம் கொடுத்ததால், பழைய விண்ணப்பத் தேதி எனக்குக் கைநழுவவில்லை. 2021-இல் 30 சதவீதம் அந்தத் தேதியிலிருந்தே கிடைத்தது. காதிரைச்சலோ, கழுத்துக் காயமோ ஏற்கெனவே சேவையால் வந்ததென ஏற்கப்பட்டிருந்தால், அதன் விளைவாகத் தலைவலி வந்தது என்று காட்டும் வழியும் உண்டு. இவற்றையெல்லாம் எனக்கு விளக்கியவர் படைவீரர் சங்கம் ஒன்றின் அங்கீகாரம் பெற்ற சேவை அலுவலர். ஒரு டாலரும் அவர் வாங்கவில்லை. முதல் விண்ணப்பத்தைத் தயாரித்துக் கொடுக்கக் கட்டணம் வசூலிக்கச் சட்டத்தில் இடமில்லை; ஆதலால் பணம் கேட்பவரை நெருங்காதீர்கள்.

இன்னும் சீருடையில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை தலைவலி வரும்போது, தோழர்கள் என்ன நினைத்தாலும், மருத்துவக் கூடத்துக்குச் சென்று அதை எழுதச் செய்யுங்கள்.