கேமரா மெல்ல இறங்குகிறது

அன்புள்ள கயல்,

சினிமாவுக்குப் போக வேண்டியவள் சீரியலில் மாட்டிக்கொண்டேன் என்று எழுதியிருந்தாய். சினிமா இயக்குநர் சிட்னி லூமெட்டைப் பற்றிச் சொல்கிறேன், கேள்.

1950-இல் நியூயார்க்கில் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் சேர்ந்தவர் அவர். அன்று நாடகங்கள் நேரடி ஒளிபரப்பு, ரீடேக் கிடையாது. நடிகர் வசனம் மறந்தால் ஊரே பார்த்துவிடும். எந்த வரிக்கு எந்த கேமரா எங்கே நிற்கும் என்பது ஒத்திகையிலேயே முடிவாகிவிட வேண்டும். வாராவாரம் இதே வேலை.

அந்தப் பழக்கத்தோடு அவர் எடுத்த முதல் படம் '12 ஆங்ரி மென்', 1957. கதையே ரெஜினால்டு ரோஸ் எழுதிய டிவி நாடகம்தான். ஏறக்குறைய முழுப் படமும் ஒரே அறைக்குள். இரண்டு வாரம் ஒத்திகை, சுமார் 20 நாளில் படப்பிடிப்பு முடிந்தது.

எப்படி முடிந்தது தெரியுமா? லைட்டை ஒரு பக்கம் வைத்தால், கதையில் எங்கே வந்தாலும் சரி, அந்தப் பக்கத்து ஷாட்டுகளையெல்லாம் எடுத்துவிட்டுத்தான் அடுத்த பக்கம் போவார். எதிரெதிரே நின்று இருவர் சண்டை போடும் காட்சியில் ஒருவர் முகம் இன்று, மற்றவர் முகம் பல நாள் கழித்து. கோபத்தின் சூடு மாறாமல் இருந்ததற்கு ஒத்திகைதான் காரணம். நீ அலுத்துக்கொள்ளும் கன்டினியூட்டி நோட்டு இருக்கிறதே, அதன் அருமை இங்கே புரியும்.

படத்தைச் சத்தமில்லாமல் ஒருமுறை பார். தொடக்கத்தில் கேமரா கண் மட்டத்துக்கு மேலே இருக்கும். நடுவில் கண் மட்டத்துக்கு வரும். கடைசிப் பகுதியில் கீழே இறங்கி, கூரையே தெரியும். லென்ஸின் குவியத் தூரமும் கூடிக்கொண்டே போகும், சுவர்கள் நெருங்கி வருவதுபோல. ஒளிப்பதிவாளர் போரிஸ் காஃப்மனோடு சேர்ந்து முன்கூட்டியே போட்ட திட்டம் அது.

'செர்பிகோ', 'டாக் டே ஆஃப்டர்நூன்', 'நெட்வொர்க்' எல்லாம் பிறகு வந்தவை. சறுக்கல்களும் உண்டு, 'தி விஸ்' எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் எழுபது வயதைத் தாண்டிய பின்னும், 2001-இல், '100 சென்டர் ஸ்ட்ரீட்' தொடருக்காக டிவிக்கே திரும்பி வந்தார். அதைக் கீழிறக்கமாக அவர் நினைக்கவில்லை என்றே நம்புகிறேன்.

அவர் எழுதிய 'மேக்கிங் மூவீஸ்' புத்தகத்தைத் தபாலில் அனுப்புகிறேன். அடுத்த ஷெட்யூலில், லைட்டைத் திருப்பி வைக்க ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம் போகிறது என்று குறித்து எனக்கு எழுது.

அன்புடன்,
சித்தப்பா