மழைநீர்த் தூம்பில் ஒட்டுக் கசிவு: சீர் செய்யும் முறை

திண்டுக்கல் பேகம்பூர்ப் பகுதி தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் பெற்றது. ஆனால் தோல் ஆலைக் கழிவுநீர் தேங்கிய இடங்களைச் சுற்றிப் பல கிணறுகளின் நீர் உப்பாகிவிட்டது. தமிழகத் தோல் ஆலைக் கழிவு குறித்து உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று வழங்கிய தீர்ப்பில் திண்டுக்கல் பகுதி ஆலைகளும் அடங்கும். உப்பேறிய கிணறு எளிதில் நன்னீராவதில்லை. ஆகவே, இத்தகைய இடங்களில் குடிக்கவும் சமைக்கவும் கூரை மழைநீர் பெரும் உதவியாகும். தமிழகத்தில் 2003 முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமும் ஆக்கப்பட்டுள்ளது.

50 சதுர மீட்டர் ஓட்டுக் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் விழும். ஐந்தில் நான்கு பங்கு தொட்டியைச் சேர்ந்தாலும் 800 லிட்டர் கிடைக்கும். நாள் ஒன்றுக்கு ஆளுக்கு 7 லிட்டர் வீதம் ஐந்து பேர் உள்ள குடும்பத்திற்கு இது மூன்று வாரத்திற்கு மேல் வரும். தகரத் தூம்பின் ஒட்டு கசிந்தால் இந்த நீர் தொட்டிக்குப் போகாமல் சுவரடியில் இறங்குகிறது. மண் சுவர் ஊறிச் சரிகிறது. தாழ்வாரத்தில் வைத்த சின்ன வெங்காயம் அழுகுகிறது.

கசிவு ஏன் ஏற்படுகிறது?

கசியும் இடத்தில் சிமெண்டு அல்லது தார் அப்புவது வழக்கம். அடுத்த ஆண்டே அது விடுபட்டுவிடும். காரணம் எளிது. தகரம் வெயிலில் நீளும். மழையில் குளிர்ந்து சுருங்கும். 3 மீட்டர் நீளத் தகரம், வெப்பநிலை 30 டிகிரி மாறும்போது ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நகர்கிறது. சிமெண்டு நகராது, ஆகவே வெடிக்கிறது. தார் வெயிலில் காய்ந்து விரிசல் விடுகிறது.

இரண்டாவது காரணம் வாட்டக் குறைவு. நீர் தேங்கும் ஒட்டு எவ்வளவு நன்றாக அடைத்தாலும் நாளடைவில் துருப்பிடிக்கும். ஆகவே பசை தேடுமுன் வாட்டத்தைப் பார்க்க வேண்டும்.

தேவையான பொருள்கள்

கம்பி பிரஷ், உப்புத்தாள், பழைய துணி, தின்னர், ரிவிட், டியூப் மட்டம், நூல், காடி வாடை வீசாத சிலிக்கோன் பசை. காடி வாடை உள்ள வகை, தகரத்தின் நாக முலாமை அரிக்கும். குடிநீர் சேகரிப்போர், குடிநீர்த் தொடர்புக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட பசையையே வாங்க வேண்டும். ஈயம் கலந்த பற்றவைப்பு கூடாது, ஈயம் நஞ்சாகும்.

செய்முறை

1. தூம்பில் உள்ள சருகு, மண் ஆகியவற்றை அள்ளிவிடவும். இறங்கு குழாயின் வாயைத் துணியால் அடைத்து நீர் நிரப்பவும். சொட்டும் இடமே கசியும் இடம் என்று எண்ண வேண்டாம். நீர் தகரத்தின் அடியில் ஓடி வேறிடத்தில் சொட்டும். ஒட்டு ஒவ்வொன்றையும் பார்த்துச் சுண்ணக்கட்டியால் குறியிடவும்.

2. நூல் கட்டி, 3 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் வீதம் இறங்கு குழாயை நோக்கி வாட்டம் இருக்குமாறு தாங்கிக் கம்பிகளைச் சரி செய்யவும்.

3. பழைய தார், சிமெண்டு, பசை யாவற்றையும் சுரண்டி எடுக்கவும். பழைய சிலிக்கோன் மீது புதியது ஒட்டாது. துருவைத் தேய்த்து, தின்னர் துணியால் துடைத்து, நன்கு உலரவிடவும்.

4. மேட்டுப் பக்கத் தகரம் மேலேயும் பள்ளப் பக்கத் தகரம் கீழேயும் அமைய வேண்டும். மாறியிருந்தால் ஓடும் நீர் ஒட்டுக்குள் புகும். 5 சென்டிமீட்டர் ஒன்றன் மேல் ஒன்று படியுமாறு மாற்றி வைக்கவும்.

5. இரு தகரங்களுக்கும் இடையே பசை இட்டு அழுத்தி, 2.5 சென்டிமீட்டருக்கு ஒரு ரிவிட் அடிக்கவும். பின்னர் தூம்பின் உட்புறத்தில் ஒட்டு விளிம்பிலும் ரிவிட் தலைகளிலும் பசை பூசவும். வெளிப்புறம் பூசினால் நீரின் அழுத்தம் பசையைத் தள்ளிவிடும். உட்புறம் பூசினால் அதே அழுத்தம் அதைத் தகரத்தோடு அமுக்கும்.

6. ஒரு நாள் முழுதும் காயவிட்டு, மீண்டும் நீர் நிரப்பிச் சோதிக்கவும்.

கவனிக்க வேண்டியவை

தகரம் துருவால் ஓட்டையாகியிருந்தால் பசை பயன்படாது. அந்தத் துண்டையே மாற்ற வேண்டும். ஈரத்தில் இவ்வேலை செய்யலாகாது. ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அருகில் மின்கம்பி உண்டா என்று பார்ப்பது அவசியம். முதல் மழையில் கூரைத் தூசி கழுவப்படுவதால் அந்நீரைத் தொட்டியில் சேர்க்காமல் வெளியே விட்டுவிடவும். சேர்த்த நீரைக் காய்ச்சிக் குடிக்கவும்.

திண்டுக்கல் பகுதிக்கு வடகிழக்குப் பருவமழையே முக்கியம். ஐப்பசியில் மழை பிடித்தபின் ஏணி எடுத்துப் பயனில்லை. புரட்டாசி முடிவதற்குள் ஒரு வெயில் நாள் ஒதுக்கித் தூம்பைச் சீர் செய்தால், அவ்வாண்டு மழையை வீணாக்காமல் தொட்டியில் சேர்த்துப் பயன் பெறலாம்.