ஊசி போடுபவர் எல்லாம் டாக்டரா?



சம்பளம் போட்ட மறுநாள் வேனில் ஒருவர் வருவார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பு, கையில் தோல்பை. "டாக்டர் வந்துட்டாரு" என்று லயமே திரண்டு நிற்கும். பால்மரம் வெட்டும் ஓர் அம்மாள் முழங்கால் வலிக்கு அவரிடம் மாத்திரை வாங்கினார். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது. சில மாதம் கழித்து முகம் பூசணிக்காய் போல உப்பி, சர்க்கரையும் ஏறி என்னிடம் வந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஸ்டீராய்டு மாத்திரையின் வேலை என்றார்கள். வேன்காரரை அதன்பிறகு காணோம்.

நம் நாட்டில் டாக்டராகத் தொழில் செய்ய 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டப்படி மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிய வேண்டும். பட்டம் மட்டும் போதாது. முதலில் தற்காலிகப் பதிவு. பிறகு ஆஸ்பத்திரியில் ஹவுஸ்மேன் பயிற்சி. முன்பு ஒரு வருடம், 2008 முதல் இரண்டு வருடம். அதை முடித்தால்தான் முழுப் பதிவு கிடைக்கும். அப்புறமும் வருடா வருடம் தொழில் சான்றிதழ் எடுக்க வேண்டும். டிசம்பர் 31-உடன் அது காலாவதி. மோட்டார் சைக்கிள் ரோட் டாக்ஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நானும் டாக்டர் இல்லை. தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்களுக்கு 1965-இல் தனிப் பதிவுச் சட்டம் வந்தது. என் வேலைக்கு எல்லை உண்டு. நீங்கள் "டாக்டரையா" என்று கூப்பிடுவது உங்கள் அன்பு, அவ்வளவுதான்.

ஆகவே கிளினிக்குப் போனால் சுவரில் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். மன்றத்தின் பதிவேட்டை இணையத்திலும் பார்க்கலாம். டாக்டரின் முழுப்பெயரைச் சொன்னால் வீட்டுப் பிள்ளைகளே கைப்பேசியில் தேடிக் கொடுத்துவிடுவார்கள்.

பிள்ளையை வெளிநாட்டில் டாக்டருக்குப் படிக்க வைக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அந்தக் கல்லூரியின் பட்டத்தை நம் மன்றம் அங்கீகரித்திருக்கிறதா என்று நகையை விற்கும் முன்பே விசாரியுங்கள். ஏஜெண்டு சொல்வதை நம்பாதீர்கள். அங்கீகாரம் இல்லாவிட்டால் இங்கே வந்து தகுதித் தேர்வு எழுதித் தேறிய பிறகுதான் பதிவு. தேறாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் வேதனை பெரிது.

வேன்காரரிடம் வாங்கிய மாத்திரை யாரிடமாவது இருந்தால் அதைப் பாக்கெட்டோடு என்னிடம் கொண்டு வாருங்கள். பல நாள் தின்றவர்கள் பயந்துபோய்த் தாங்களே சட்டென்று நிறுத்திவிடக் கூடாது. ஸ்டீராய்டாக இருந்தால், திடீரென நிறுத்துவதால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார். நான் யாரையும் திட்டமாட்டேன், தைரியமாக வாருங்கள்.