அந்நியனை அறியும் அகக்காவல்

குப்பனூர் முதலிய மலையடிவாரச் சிற்றூர்களிலும் இக்காலத்துப் பிறக்கும் குழந்தைக்கு இடப்புயத்தில் பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசி இடப்படுகின்றது. சில வாரங்களில் அவ்விடம் வீங்கிப் புண்ணாகி, பின் ஆறித் தழும்பாகின்றது. அது கண்டு அஞ்சுதல் வேண்டா; உடற்காவலர் விழித்தெழுந்தமைக்கு அதுவே அறிகுறியாம். அக்காவலர் கிருமியைக் கிருமியென்று எங்ஙனம் அறிகின்றனர் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

உடலின் தற்காப்பு இருவகைத்து. ஒன்று, முன் கண்ட பகைவனை நினைவிற்கொண்டு தாக்குவது. அது முதன்முறை ஆயத்தமாதற்குப் பல நாட்கள் செல்லும். மற்றொன்று பிறவியிலேயே அமைந்தது. சில மணி நேரத்துள் தொழிற்படுவது. இப்பிறவிக்காவல் அறியும் அடையாளங்களுள் ஒன்று கிருமியின் டி.என்.ஏ. ஆகும். ஈண்டு ஓர் ஐயம் எழும். கிருமியின் டி.என்.ஏ.யும் நம்முடையதும் அதே நான்கு எழுத்துக்களால் ஆயவை அல்லவோ? பின்னர் வேற்றுமை காண்பது எவ்வாறு?

1984-இல் ஜப்பானில் டோக்குனாகா என்பாரும் அவர்தம் துணைவரும், பி.சி.ஜி. கிருமியினின்று பிரித்த டி.என்.ஏ. மிக்க பகுதியொன்று உடற்காவலைத் தூண்டுதலைக் கண்டனர். 1995-இல் அமெரிக்கராகிய கிரீக் முதலியோர் அதன் காரணத்தைத் தெளிவாக்கினர். டி.என்.ஏ.யில் சி என்னும் எழுத்தை அடுத்து ஜி வருமிடங்கள் உள. நம் உடலில் அத்தகைய இடங்கள் அரியன. உள்ளவற்றுள்ளும் பெரும்பாலனவற்றின் சி எழுத்து மீதைல் என்னும் சிறு குறியைத் தாங்கி நிற்கும். கிருமியிலோ அவை மலிந்தும், அக்குறியின்றியும் காணப்படும். பழைய ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துப் புள்ளியின்றி நிற்கும். அச்சு நூலில் புள்ளி பெற்று விளங்கும். எழுத்து ஒன்றே, புள்ளியே வேற்றுமை காட்டும். அதனை ஒப்பது இது.

இக்குறியின்மையை உணரும் புரதம் டி.எல்.ஆர்.9 என்பதை 2000-இல் ஒசாகாவில் அகிராவின் குழுவினர் வெளியிட்டனர். அஃது உயிரணுவின் மேற்புறத்தில் இராது. விழுங்கப்பட்ட கிருமி சிதைக்கப்படும் உள்ளறையிலேயே இருக்கும். நம் சொந்த டி.என்.ஏ.யைத் தவறுதலாகப் பற்றாமைக்கே இவ்வமைப்பு.

இனி, இரண்டாவது காவலன் ஒருவன் உளன். குப்பனூர் வழியே சேர்வராயன் மலையேறும் அயலானை அவன் பேச்சினால் அறிதல் ஒன்று. ஒருவன் எம்மொழி பேசினும், வீட்டின் உள்ளறையிற் கண்டவுடன் ஐயுறுதல் மற்றொன்று. 2013-இல் டெக்ஸாஸ் மாநிலத்தில் சென் என்பவரின் குழுவினர் அறிவித்த சிகாஸ் என்னும் புரதம் பின்னதைச் செய்வது. டி.என்.ஏ. உட்கருவினுள் இருத்தற்குரியது, உயிரணுவின் குழம்பில் அது காணப்படின், எழுத்தைப் பாராமலே சிகாஸ் அதனைப் பற்றி, ஒரு சிறு தூதுப்பொருளை ஆக்கும். அத்தூது ஸ்டிங் என்னும் புரதத்தை எழுப்ப, இன்டர்ஃபெரான் முதலிய எச்சரிக்கைப் பொருள்கள் சுரக்கும்.

காசநோய்க் கிருமி தன்னை விழுங்கிய அறையின் சுவரைத் துளைக்க வல்லது. அவ்வழியே அதன் டி.என்.ஏ. குழம்பிற் கசிய, சிகாஸ் விழிக்கின்றது. பி.சி.ஜி. கிருமியோ, கால்மெட், கெரான் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவரும் 1908 முதல் 1921 வரை ஆய்வறையில் வளர்த்துவந்த காலத்தில் அத்துளைக்கும் கருவியை இழந்துவிட்டது. அது வலிகுன்றியமைக்கு இது முதன்மையான காரணம். 1948-இல் மதனப்பள்ளியில் நம் நாட்டார்க்கு இடத் தொடங்கியதும், அதே ஆண்டில் கிண்டியில் நிறுவப்பட்ட ஆய்வகம் ஆக்கியதும் இம்மருந்தே. செங்கற்பட்டில் 1968-இல் தொடங்கிய பெருஞ்சோதனையில், வயதுவந்தோரின் நுரையீரற் காசத்தை இது தடுக்கவில்லை எனத் தெரிந்தது; ஆயினும் குழவிகளை மூளைக்காய்ச்சற் காசத்தினின்று காப்பதால் இன்றும் இடப்படுகின்றது.

எச்சரிக்கை மிகுதலும் தீதே. இன்டர்ஃபெரான் அளவு கடப்பின் காசநோய்க் கிருமிக்கே அது துணையாதலும் உண்டு. தன் டி.என்.ஏ.யையே பகையென மயங்கும் காவலால் லூபஸ் என்னும் கொடுநோய் வலுப்பெறும். உலகக் காசநோயாளருள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் நம் நாட்டினர். ஆதலின், காவலனை எழுப்புதலோடு அவனை அளவில் நிறுத்தும் வழியையும் காணுதல், இத்துறையிற் புகும் நம் மாணவர்க்குக் காத்திருக்கும் நற்பணியாம்.