வீட்டு வாசலில் ஒரு சோதனை

உயர்ந்த கொள்கையை மேடையில் முழங்குவது எளிது. அது நம் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும்போதுதான் சோதனை தொடங்குகிறது. அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி ஜான் ஆடம்ஸின் துணைவியார் அபிகெயில் ஆடம்ஸ் அந்தச் சோதனையைச் சந்தித்தவர்.

இவர் மாசசூசெட்ஸைச் சேர்ந்த வேமத் என்ற ஊரில் 1744-இல் ஒரு பாதிரியாரின் மகளாகப் பிறந்தார். பள்ளியில் பயிலும் வாய்ப்பு இவருக்குக் கிட்டவில்லை. வீட்டிலிருந்த நூல்களே ஆசிரியர்களாயின. 1764-இல் ஜான் ஆடம்ஸை மணந்தார். நாட்டுப் பணி கணவரை பிலடெல்பியாவுக்கும் பின்னர் ஐரோப்பாவுக்கும் அழைத்துச் சென்றது. பண்ணை, வரவுசெலவு, குழந்தைகளின் கல்வி அனைத்தையும் அபிகெயில் தனித்தே ஏற்றார். 1775-இல் பங்கர் குன்றுப் போரை, ஏழு வயது மகனுடன் தொலைவிலிருந்த ஒரு குன்றின்மீது நின்று கண்டார். அதே ஆண்டில் பரவிய வயிற்றுக்கடுப்பு நோய்க்குத் தம் தாயைப் பறிகொடுத்தார்.

பிரிவின் துயரைக் கடிதங்கள் தணித்தன. தம்பதியர் எழுதிக்கொண்டவற்றுள் 1,100-க்கும் மேற்பட்டவை இன்றும் உள்ளன. 'பிறரது சுதந்திரத்தை நாள்தோறும் பறித்துக்கொண்டே நமது சுதந்திரத்துக்காகப் போராடுவது எங்ஙனம் நியாயமாகும்?' என்ற கருத்தை 1774-லேயே அவர் எழுதினார். அடிமைகளை வைத்திருந்த வீட்டில் பிறந்தவரின் சிந்தனை இது! 1776 மார்ச்சில், புதிய சட்டங்களை இயற்றும்போது பெண்களையும் நினைவில் கொள்ளுமாறு கணவரை வேண்டினார். அவர் அதைச் சிரித்து ஒதுக்கினார். எனினும் அபிகெயிலின் நம்பிக்கை தளரவில்லை.

1797-இன் தொடக்கத்தில் அந்த நம்பிக்கைக்கு நேரடிச் சோதனை வந்தது. தம் வீட்டில் பணிபுரிந்த ஜேம்ஸ் என்ற கறுப்பினச் சிறுவனுக்கு எழுத்தறிவித்த அபிகெயில், அவனை மாலைப் பள்ளியிலும் சேர்த்தார். 'அவன் வந்தால் மற்ற மாணவர்கள் நின்றுவிடுவார்கள்' என்று அயலவர் ஒருவர் முறையிட்டார். தங்கள் நடனங்களில் ஜேம்ஸ் இசைக்கும்போது எழாத மறுப்பு, அவன் கல்வி கற்கும்போது மட்டும் எழுவானேன் என்று அபிகெயில் வினவினார். முகம் கறுத்திருப்பதால் கல்வியை மறுப்பது சம உரிமைக்கே மாறானது என்று உறுதியாகக் கூறினார். எதிர்ப்பு அடங்கியது.

அவ்வாண்டு மார்ச்சில் கணவர் ஜனாதிபதியானார். 1818-இல் அபிகெயில் மறைந்தார். அன்று குன்றின்மீது உடன் நின்ற மகன் ஜான் குவின்சி, 1825-இல் தாமும் ஜனாதிபதியானார். எனினும் இப்பெண்மணியின் பெருமை பதவிகளால் வந்ததன்று. எவரும் பாராட்டாத வேளையில், ஓர் ஏழைச் சிறுவனுக்காகத் தம் சொல்லைக் காத்தாரே, அதுவே அவரது குணம். நம் கொள்கைகளும் நம் வீட்டு வாசலில் நின்று காத்திருக்கின்றன; கதவைத் திறக்க வேண்டியவர்கள் நாமே.