ஒரு வரி எதைச் சொல்கிறது?

அன்புள்ள நிலா,

உன் செய்தி கிடைத்தது. அமெரிக்க வங்கி ஒன்றின் ஐ.எம்.எஸ். எனும் மரவடிவத் தரவுத்தளத்திலிருந்து ரிப்போர்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வாடிக்கையாளர், கணக்கு, பரிவர்த்தனை, முகவரி எல்லாம் ஒரே எக்செல் தாளில் வேண்டுமாம். எடுத்துக் கொடுத்த தாளில் இருப்புத் தொகையைக் கூட்டினால் வங்கியின் பேரேட்டோடு ஒத்துப்போகவில்லை என்கிறாய். கூடவே, "தாத்தா காலத்து மெயின்ஃப்ரேமில் மாட்டிவிட்டார்களே சித்தப்பா" என்ற புலம்பல் வேறு. புலம்பலுக்குப் பிறகு வருகிறேன். முதலில் கூட்டல்.

ஒரே ஒரு வாடிக்கையாளரை எடுத்துக்கொள். அவருக்கு இரண்டு கணக்குகள். முதல் கணக்கில் இருப்பு 50,000 டாலர். அந்த மாதம் 3 பரிவர்த்தனைகள். இரண்டாவதில் 20,000, அதை அந்த மாதம் யாரும் தொடவில்லை. வீடு, அலுவலகம் என்று முகவரியும் இரண்டு. அவருடைய மொத்த இருப்பு 70,000 என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும். இனி இதை ஒரே தாளில் பரப்பு. 3 பரிவர்த்தனைகள், ஒவ்வொன்றும் 2 முகவரிகளோடு: 6 வரிகள். ஆறிலும் 50,000 ஏறி உட்கார்ந்திருக்கும். பரிவர்த்தனை இல்லாத இரண்டாம் கணக்குக்கு வரியே விழாது. கூட்டினால் 3,00,000. முதல் கணக்கின் பணம் ஆறு மடங்காகிவிட்டது, ஒரு கணக்கு காணாமலும் போய்விட்டது. இந்த இரண்டு பிழைகளும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களைச் சேர்த்துக் கூட்டும்போது ஒன்று மற்றதை ஓரளவு மறைத்துவிடும். ‘கிட்டத்தட்டச் சரியாக’ வரும் மொத்தத்தைத்தான் நீ அதிகம் சந்தேகிக்க வேண்டும்.

பொங்கல் பரிசுத் தொகுப்பு குடும்ப அட்டைக்கு ஒன்று. அதை அட்டையில் பெயர் உள்ள ஒவ்வொருவருக்கு நேராகவும் எழுதிவிட்டு, மொத்தம் எத்தனை தொகுப்பு என்று எண்ணினால் எப்படி இருக்கும்? உன் தாளில் நடந்தது அதுதான். இருப்பு கணக்குக்குச் சொந்தமானது. நீ அதைப் பரிவர்த்தனை வரியில் எழுதினாய், பிறகு முகவரி வேறு வந்து அதை இரட்டித்தது.

இதற்கு உன் டீமில் ஒருவர் சொல்லியிருக்கும் மருந்து, எக்செல்லில் ‘ரிமூவ் டூப்ளிகேட்ஸ்’ அழுத்துவது. தயவுசெய்து அதைச் செய்யாதே. ஒரே நாளில் ஒரே கடையில் ஒரே தொகைக்கு இரண்டு முறை கார்டு தேய்ப்பவர்கள் உண்டு. அவை இரண்டு உண்மையான பரிவர்த்தனைகள். பரிவர்த்தனை எண் தாளில் இல்லாதபோது நீ அழுத்தும் பொத்தான் அதில் ஒன்றைச் சாப்பிட்டுவிடும், சத்தமே வராது.

செய்ய வேண்டியது வேறு. நிரலைத் தொடும் முன் ஒரு தாளில் மரத்தை வரை: மேலே வாடிக்கையாளர், அதன்கீழ் இடப்பக்கம் கணக்கு, கணக்கின்கீழ் பரிவர்த்தனை, வலப்பக்கம் முகவரி. ரிப்போர்ட்டில் வரப்போகும் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எந்த மட்டத்துக்குச் சொந்தம் என்று எழுது. எந்த எண்ணையும் அதன் சொந்த மட்டத்தில் மட்டும் கூட்டு. கணக்கும் முகவரியும் அண்ணன் தம்பிகள். ஒன்றுக்குள் ஒன்று இல்லை. அவற்றை ஒரே வரியில் நிறுத்த எந்த நியாயமும் கிடையாது. ஒரே கோப்புதான் வேண்டும் என்று மேனேஜர் பிடிவாதம் பிடித்தால், கணக்குக்கு ஒரு ஷீட், பரிவர்த்தனைக்கு ஒரு ஷீட், முகவரிக்கு ஒரு ஷீட் கொடு. மூன்றிலும் வாடிக்கையாளர் எண்ணையும், பரிவர்த்தனை ஷீட்டில் கூடுதலாகக் கணக்கு எண்ணையும் வை. கோப்பு ஒன்றுதானே!

அச்சுக்குப் போகும் ரிப்போர்ட் என்றால் ஐ.எம்.எஸ். உனக்குப் பாதி வேலையைச் செய்து தருகிறது. நிபந்தனை எதுவும் வைக்காமல், அடுத்ததைக் கேட்கும் ஜி.என். அழைப்பை மறுபடி மறுபடி விடுத்துக்கொண்டே போ. மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்ற ஒழுங்கில் செக்மென்டுகள், அதாவது மரத்தின் கணுக்கள், வந்துகொண்டே இருக்கும். நம் வாடிக்கையாளருக்கு வரும் வரிசை இது: வாடிக்கையாளர், முதல் கணக்கு, அதன் 3 பரிவர்த்தனைகள், இரண்டாம் கணக்கு, 2 முகவரிகள், அடுத்த வாடிக்கையாளர். ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும், ஐ.எம்.எஸ். தன் பதிலை வைக்கும் பி.சி.பி.யில் ஸ்டேட்டஸ் கோடைப் பார். மூன்றாம் பரிவர்த்தனையிலிருந்து இரண்டாம் கணக்குக்கு ஏறும்போது ஜி.ஏ. வரும்: மேல் மட்டத்துக்குப் போய்விட்டோம் என்று பொருள். இரண்டாம் கணக்கிலிருந்து முதல் முகவரிக்கு நகரும்போது ஜி.கே.: மட்டம் அதேதான், செக்மென்ட் வகை மாறிவிட்டது. கன்ட்ரோல் பிரேக், அதாவது மொத்தம் அச்சிட வேண்டிய இடம், எங்கே என்று தரவுத்தளமே கையைப் பிடித்துக் காட்டுகிறது.

புதிதாக கோபால் எழுதுபவர்கள் ஸ்டேட்டஸ் வெற்றிடமாக இல்லையென்றாலே பிழை என்று நிரலை நிறுத்திவிடுகிறார்கள். ஜி.ஏ.யும் ஜி.கே.யும் வெற்றிதான், செக்மென்ட் கைக்கு வந்திருக்கிறது. இன்னொன்றும் கவனி. ஜி.ஏ. வந்த கணத்தில் உன் ஐ.ஓ. ஏரியாவில் அடுத்த கணக்கு ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கும். முதல் கணக்கின் மொத்தத்தை அச்சிட அதன் எண்ணையும் இருப்பையும் ஒர்க்கிங் ஸ்டோரேஜில் முன்பே பத்திரப்படுத்தியிருக்க வேண்டும். தரவு தீர்ந்து ஜி.பி. வரும்போது கடைசி வாடிக்கையாளரின் மொத்தம் இன்னும் அச்சாகாமல் நிற்கும். அதை அச்சிட்டுவிட்டு கோப்பை மூடு. பல ரிப்போர்ட்டுகளில் கடைசி ஆள் விடுபடுவது இந்த ஒரு வரி இல்லாததால்தான்.

இல்லாததையும் ரிப்போர்ட் சொல்ல வேண்டும். ஒரு கணக்கில் நின்றுகொண்டு, அதன்கீழ் உள்ளதை மட்டும் கேட்கும் ஜி.என்.பி. கொடுத்து, முதல் அழைப்பிலேயே ‘கிடைக்கவில்லை’ எனும் ஜி.இ. வந்தால் அந்தக் கணக்கின்கீழ் எதுவும் இல்லை. அது செய்தி. "பரிவர்த்தனை இல்லை" என்று ஒரு வரி அச்சிடு. நீண்ட நாள் அசையாத கணக்குகளைத் தேடும் ஆடிட்டருக்கு அந்த வரிதான் வேண்டும். மற்றதை அவர் புரட்டக்கூட மாட்டார்.

வரிசை பற்றி ஒரு வார்த்தை. உன் தரவுத்தளம் எச்.டி.ஏ.எம். வகையா, எச்.ஐ.டி.ஏ.எம். வகையா என்று டி.பி.ஏ.விடம் கேள். முன்னதில் ரூட் செக்மென்டுகளை, அதாவது வாடிக்கையாளர்களை, ரேண்டமைசர் நிரல் இடம் பார்த்துப் போடுகிறது. தொடர்ந்து படித்தால் பொதுவாக வாடிக்கையாளர் எண் வரிசையில் வராது, நீதான் சார்ட் செய்ய வேண்டும். பின்னதில் இண்டெக்ஸ் இருப்பதால் வரிசையாக வரும். சார்ட் செய்வதானால் ஒவ்வொரு வரியிலும் மேலே உள்ளவர்களின் கீ இருந்தாக வேண்டும், இல்லையேல் பிள்ளைகள் பெற்றோரைத் தொலைத்துவிடும். அந்தக் கீ எல்லாம் சேர்ந்து பி.சி.பி.யின் கீ ஃபீட்பேக் ஏரியாவில் தயாராக இருக்கிறது. அப்படியே உன் பி.எஸ்.பி.யில் எந்தெந்த செக்மென்டுகள் தெரியும்படி வைத்திருக்கிறார்கள் என்றும் பார்த்துவிடு. அதில் சேர்க்காத செக்மென்ட் உன் நிரலைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை. பிராசஸிங் ஆப்ஷன் ‘ஜி.ஓ.’ என்றிருந்தால் பூட்டுப் போடாமல் படிக்கிறாய். பாதியில் நிற்கும் மாற்றமும் உன் கூட்டலில் விழலாம். பேரேட்டோடு ஒப்பிடும் ரிப்போர்ட்டுக்கு அது ஆகாது.

இப்போது உன் புலம்பல். ஐ.எம்.எஸ்.ஸின் வேலை 1966இல் தொடங்கியது. ஐ.பி.எம்.மோடு ராக்வெல்லும் கேட்டர்பில்லரும் சேர்ந்தார்கள். நிலவுக்குப் போன சாட்டர்ன் 5 ராக்கெட்டுக்கும் அப்பல்லோ விண்கலத்துக்கும் உதிரிபாகப் பட்டியலைக் கையாள வேண்டியிருந்தது. பாகத்துக்குள் பாகம், அதற்குள் பாகம் என்று போகும் பட்டியலுக்கு மரவடிவம் இயல்பாகப் பொருந்தியது. 1970இல் ஆய்வாளர் காட் தம் ரிலேஷனல் கட்டுரையை வெளியிட்ட பிறகு இந்த மரங்கள் பட்டுப்போகும் என்று பலர் நினைத்தார்கள். வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் இன்றும் அவற்றில் ஓடிக்கொண்டிருக்கின்றன. உனக்குச் சம்பளம் வருவதே அதனால்தான்!

மரம் அங்கேயே நின்றுவிடவும் இல்லை. நீ ஆசைப்படும் புதிய உலகின் ஜேசான் என்ன? பிள்ளைகளோடு கூடிய மரம். கூகுள் 2010இல் வெளியிட்ட டிரெமெல் கட்டுரையைத் தேடிப் படி. மரமான ரெக்கார்டுகளைப் பத்தி பத்தியாகப் பிரித்து வைக்கும்போது, ஒவ்வொரு மதிப்போடும் இரண்டு சிறு எண்களைச் சேர்த்து வைக்கிறார்கள். ஒன்று, இந்த மதிப்பு எந்த மட்டத்தில் மறுபடி வந்திருக்கிறது என்று சொல்கிறது. மற்றது, பாதையில் எதுவரை தரவு உண்மையாகவே இருக்கிறது என்று சொல்கிறது. பார்க்கே கோப்பு வடிவமும் இந்த வழியைத்தான் எடுத்துக்கொண்டது. ஜி.ஏ.வும் ஜி.இ.யும் உனக்குச் சொல்லிக்கொண்டிருப்பவை இவற்றுக்கு வெகு நெருக்கம். பிக்குவெரியில் அரேவை அன்னெஸ்ட் செய்து கிராஸ் ஜாயின் போட்டால், அரே காலியாக உள்ள ரெக்கார்டு விழுந்துவிடும்; லெஃப்ட் ஜாயின் போட்டால் தங்கும். நம் இரண்டாம் கணக்கு தொலைந்த அதே குழி. இங்கே கற்றுக்கொள்வது அங்கே வீணாகாது. என்னைக் கேட்டால், மரத்தை மெயின்ஃப்ரேமில் நடந்து பழகியவர்கள்தான் அங்கே குறைவாக வழுக்கி விழுகிறார்கள்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேள்: "இந்த ரிப்போர்ட்டில் ஒரு வரி என்றால் அது ஒரு வாடிக்கையாளரா, ஒரு கணக்கா, ஒரு பரிவர்த்தனையா?" பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள். அதற்குப் பிறகு நிரலைத் திற. வந்த ரிப்போர்ட்டில் முதல் இரண்டு வாடிக்கையாளர்களையும் கடைசி ஒருவரையும் கையால் கூட்டிப் பார்த்துவிட்டு அனுப்பு.

அன்புடன்,
சித்தப்பா